ஆய்வுக்கு வந்த பணம் என்ன செய்தது?

கொவிட் பரவிய 2020ஆம் ஆண்டில் கொழும்பில் வாழ்ந்த எவருக்கும் பி.சி.ஆர். என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. மூக்கினுள் நீண்ட பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அந்த மாதிரிகளை முதலில் பரிசோதித்த இடம் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். பரிசோதனையின்போது, வைரசின் மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்குவதற்காக, மாதிரியை ஏறக்குறையக் கொதிநிலைவரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்குவார்கள். அந்தச் சூட்டிலும் கெடாத ஒரு நொதியம் கிடைத்ததால்தான் இன்றைய பி.சி.ஆர். சாத்தியமானது. அது முதன்முதலில் கிடைத்தது, அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றொன்றில் வாழ்ந்த பற்றீரியாவிலிருந்து.

1966இல் தோமஸ் புரொக் என்ற நுண்ணுயிரியலாளர் அங்கே மாதிரி எடுத்தார். எவ்வளவு சூட்டில் ஓர் உயிர் தாக்குப்பிடிக்கும் என்பதே அவருடைய கேள்வி. நோயோ மருந்தோ அவர் மனதில் இருக்கவில்லை. அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான மன்றம் பணம் கொடுத்தது. 1969இல் அந்தப் பற்றீரியாவைப் பற்றிய கட்டுரை வெளியானது. 1976இல் வேறொரு குழு அதன் நொதியத்தைப் பிரித்தெடுத்தது. 1983இல் கரி முல்லிஸ் என்ற அமெரிக்க இரசாயனவியலாளருக்கு பி.சி.ஆர். யோசனை பிறந்தது. 1988இல் யோசனையும் நொதியமும் ஒன்றுசேர்ந்து நடைமுறைக்கு வந்தன. 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். 1971இல் ஒரு கணக்காய்வாளர் புரொக்கின் கதவைத் தட்டி, "கொடுத்த பணத்துக்கு என்ன பயன்?" என்று கேட்கிறார். "சுடுநீரில் வாழும் ஒரு பற்றீரியாவைக் கண்டுபிடித்தேன்" என்பதற்கு மேல் புரொக்கால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. கணக்காய்வாளர் பூச்சியம் போட்டுவிட்டுப் போயிருப்பார். அரை நூற்றாண்டு கழித்து, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் பொரளையில் அந்தப் பணம் பயன் தந்தது.

உயிரியல் ஆய்வுகளுக்குக் கொடுக்கப்படும் பணத்தின் தாக்கத்தை அளப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை இந்த ஒரு கதையே காட்டிவிடுகிறது. கடினம் என்பதற்காக விட்டுவிடவும் முடியாது. கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, அடுத்த முறை எங்கே கொடுப்பது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். நம்மைப் போன்ற நாட்டில் இது இன்னும் பாரமான கேள்வி. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது 0.1 வீதத்தை ஒட்டிய தொகைதான். அதனால் இங்கு நடக்கும் பெரிய மருத்துவ, உயிரியல் ஆய்வுகள் பலவற்றுக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் நிற்கிறது. அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்கத் தெரிந்திருப்பது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வேலை என்று நான் நினைக்கவில்லை.

யார் கொடுக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சில நாடுகளின் அரசுகள் உதவித் திட்டங்களாகக் கொடுக்கின்றன. லண்டனின் வெல்கம் அறக்கட்டளை போன்ற தனி அறக்கட்டளைகள் கொடுக்கின்றன. ஹென்றி வெல்கம் என்ற மருந்துத் தொழிலதிபரின் உயிலின்படி 1936இல் உருவானது அது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்புகளும் உண்டு. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள மனித எல்லை விஞ்ஞானத் திட்டம் அவற்றில் ஒன்று. 1987இல் வெனிஸில் கூடிய ஏழு நாடுகளின் (ஜி7) மாநாட்டில் ஜப்பான் அதை முன்மொழிந்தது, 1989இல் தொடங்கியது. உயிரின் அடிப்படை இயக்கத்தை ஆராய, வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்கள் கூட்டாக விண்ணப்பித்தால் அது பணம் தருகிறது.

அத்திட்டத்தின் உதவி பெற்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நோபல் பரிசு வென்றிருக்கிறார்கள். கேட்டவுடன் பிரமிப்பாக இருக்கும். ஆனால் பரிசு பெறுமளவுக்குத் திறமையுள்ள ஒருவருக்கு ஐந்தாறு இடங்களிலிருந்து பணம் வந்திருக்கும். ஸ்ட்ராஸ்பூர்க்கின் பணம் இல்லாவிட்டாலும் அவர் அதே கண்டுபிடிப்பைச் செய்திருப்பாரா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

எண்ணுவது எளிது

பணம் உள்ளே போகிறது. கட்டுரைகள், தரவுகள், பயிற்சி பெற்ற ஆட்கள் வெளியே வருகிறார்கள். இவை வெளியீடுகள். அவற்றை ஒரு வைத்தியரோ அமைச்சோ இன்னோர் ஆய்வாளரோ எடுத்துப் பயன்படுத்தினால் அது விளைவு. அதனால் யாரோ ஒருவர் நோயின்றி வாழ்ந்தால், ஓர் உயிர் தப்பினால், அது தாக்கம். ஒவ்வொரு படியிலும் ஏறும்போது அளப்பது கடினமாகிறது. அதனால்தான் பெரும்பாலான அறிக்கைகள் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன: இத்தனை கட்டுரைகள், இத்தனை பயிற்சிப் பட்டறைகள், இத்தனை பேர் கலந்துகொண்டனர்.

கட்டுரைகளை எண்ணுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒவ்வோர் ஆய்விதழுக்கும் "தாக்கக் காரணி" என்று ஓர் எண் இருக்கிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வெளியான கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. நூலகங்கள் எந்த இதழை வாங்குவது என்று தீர்மானிக்க உதவிய எண், காலப்போக்கில் ஆட்களை எடைபோடும் தராசாகிவிட்டது. ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளியை வைத்து அதில் படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதைப் போன்றது இது. இதை எதிர்த்து 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் ஒரு பிரகடனத்தை எழுதினார்கள். ஆய்வைப் படித்து அதன் தரத்தைச் சொல்லுங்கள், இதழின் பெயரைப் பார்த்துச் சொல்லாதீர்கள் என்பதே அதன் சாரம். இன்று உலகில் ஆய்வுக்கு நிதி தரும் பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பக்ஸ்டனும் ஸ்டீபன் ஹனியும் 1990களில் இதைவிட நல்ல வழியொன்றைக் காட்டினார்கள். ஆய்வின் பலனை ஐந்து இழுப்பறைகளில் தேடச் சொன்னார்கள்: புதிய அறிவு, அடுத்த ஆய்வுக்கும் ஆய்வாளருக்கும் கிடைத்த பலம், கொள்கையில் வந்த மாற்றம், மக்களின் சுகநலம், பொருளாதாரம். ஓர் இழுப்பறை வெறுமையாக இருந்தால் மற்றதைத் திறந்து பார்க்கலாம். எனக்கு இந்த முறை பிடிக்கும். அது எண்ணும் பழக்கத்திலிருந்து தேடும் பழக்கத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது.

அநுராதபுரம் கற்றுத்தந்தது

நம் நாட்டிலேயே நடந்த ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். துயரமான விடயம், ஆனால் உயிரியல் ஆய்வின் தாக்கம் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியவில்லை.

1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. விவசாயக் கிராமங்களில் வீட்டுக்குள் கிடந்த பீடைகொல்லியே பெரும்பாலும் காரணமாக இருந்தது. ஒரு நொடிக் கோபம், ஒரு நொடி விரக்தி. வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெல்கம் அறக்கட்டளையின் பணத்தோடு, நஞ்சருந்தியவர்களைக் காப்பாற்றுவது எப்படி என்று இலங்கை வைத்தியர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராயத் தொடங்கினார்கள். முதலில் கரித்தூள். நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்பி உலகெங்கும் கொடுத்து வந்த சிகிச்சை அது. மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குக் கொடுத்தும் சிலருக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள். 2008இல் முடிவு வெளியானது: இரு தரப்பிலும் இறப்பு வீதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அடுத்து, பூட்டக்கூடிய பெட்டி. பீடைகொல்லியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அவசரத்தில் கைக்கு எட்டாது அல்லவா? யாருக்கும் சரியென்று படும் யோசனை. அநுராதபுரம் இருக்கும் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதிக்குப் பெட்டிகளைக் கொடுத்து, மூன்றாண்டுகள் கவனித்தார்கள். 53,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2017இல் முடிவு வந்தது: பெட்டி கிடைத்த கிராமங்களுக்கும் கிடைக்காத கிராமங்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை.

இரண்டு ஆய்வுகளும் "தோல்வி" என்று ஒருவர் எழுதக்கூடும். நான் அப்படி எழுத மாட்டேன். பயன் தராத சிகிச்சையையும் பயன் தராத பெட்டியையும் நாடுகள் தொடர்ந்து வாங்கிக் குவிப்பதை இந்த முடிவுகள் தடுக்க முடியும். அந்தப் பணமும் உழைப்பும் வேறு வழிக்குத் திரும்ப முடியும். இல்லை என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதும் அறிவுதான். முதல் இழுப்பறையில் அதற்கும் இடம் உண்டு.

இன்னொரு பக்கம், எந்தப் பீடைகொல்லியை அருந்தியவர்களில் எத்தனை வீதமானோர் இறக்கிறார்கள் என்பதை அதே ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். உலகம் அதுவரை நம்பியிருந்த நச்சுத்தன்மைப் பட்டியல் எலிகளில் செய்த சோதனையை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பட்டியலில் ஒரே வகுப்பில் இருந்த பொருட்கள் மனித உடலில் மிகவும் வேறுபட்டு நடந்துகொண்டன. மிகக் கொடியவற்றை நீக்கினால் போதும், எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை என்பது தெளிவானது. 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கை மேலும் மூன்று பீடைகொல்லிகளைச் சந்தையிலிருந்து படிப்படியாக விலக்கியது. முந்தைய தடைகள் விளைச்சலைக் குறைக்கவில்லை என்பதையும் தனி ஆய்வொன்று காட்டியிருந்தது. 1995க்குப் பின்னான இருபது ஆண்டுகளில் நாட்டின் தற்கொலை வீதம் 70 வீதத்துக்கு மேல் குறைந்தது. தடைகளால் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அந்த 93,000 உயிர்களும் வெளிநாட்டு ஆய்வு மானியத்தின் தாக்கமா? இங்கேதான் நேர்மை வேண்டும். இலங்கையின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் வந்தது. முதல் தடைகள் 1984இலேயே தொடங்கின. 1995இலும் 1998இலும் பெரிய தடைகள் வந்துவிட்டன. அவை இந்நாட்டு அதிகாரிகளும் வைத்தியர்களும் எடுத்த முடிவுகள். வெளிநாட்டுப் பணம் பின்னால் வந்து, பிந்திய தடைகளுக்கான ஆதாரத்தைக் கூர்மையாக்கியது. அதே காலத்தில் வைத்தியசாலைகளும் வீதிகளும் முன்னேறின. ஆகவே "நாங்கள் செய்தோம்" என்று ஒரு நிறுவனம் எழுதினால் அது பொய். "எங்களுக்கும் இதில் பங்குண்டு, பங்கு இன்னது, ஆதாரம் இதோ" என்று எழுதினால் அது மதிப்பீடு.

இல்லாதிருந்தால்?

இப்போது நாம் மனதில் வைத்த கேள்விக்குத் திரும்பலாம். பணம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? கொழும்புவாசிகளுக்கு இதை டெங்குவைக் கொண்டு விளக்குவது எளிது. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அடுத்த ஆண்டு அந்த எண் ஏறக்குறைய 51,000 ஆகிவிட்டது. 2017 டிசம்பரில் யாராவது ஒரு புது மருந்துப் புகையை நம் ஒழுங்கைகளில் அடித்திருந்தால், "எழுபது வீதம் குறைத்துவிட்டோம்" என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். ஆனால் டெங்கு அலையாக வரும் நோய். பெரிய அலைக்குப் பின் தானாகவே தணியும். முன்னும் பின்னும் பார்த்தால் மட்டும் போதாது. அதே காலத்தில், அதே மழையில், அந்தப் புகை போகாத இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் அதைத்தான் செய்தார்கள். வொல்பாகியா என்ற பற்றீரியாவை உடலில் கொண்ட நுளம்புகள் டெங்கு வைரசை எளிதில் பரப்புவதில்லை. நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கலில் விழுந்த 12 பகுதிகளில் மட்டும் அந்த நுளம்புகளை விட்டார்கள். மற்ற 12 பகுதிகள் ஒப்பீட்டுக்கு. 2021இல் வெளியான முடிவின்படி நுளம்பு விட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைவு. மழை இரு தரப்புக்கும் ஒன்று, வெயிலும் ஒன்று. ஆகவே வேறுபாடு நுளம்பால்தான் என்று துணிந்து சொல்ல முடிகிறது.

அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு 2020இல் கொழும்பை அடுத்த நுகேகொடைப் பக்கத்திலும் அந்த நுளம்புகள் விடப்பட்டன. அது ஊரடங்கு ஆண்டு. பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன, ஆட்கள் நடமாடவில்லை, காய்ச்சல் வந்தாலும் வைத்தியசாலைக்குப் போகப் பயந்தார்கள். அந்த ஆண்டில் நாடெங்கும் டெங்குப் பதிவுகள் குறைந்தன. நுகேகொடையில் எண் குறைந்ததா என்று மட்டும் ஒருவர் கேட்டால் அவருக்குச் சரியான விடை கிடைக்காது. பக்கத்துப் பிரதேசங்களைவிட அதிகமாகக் குறைந்ததா, அது பல ஆண்டுகள் நீடித்ததா என்று கேட்க வேண்டும்.

எப்போது அளப்பது என்பதும் ஒரு தீர்மானம். பிரித்தானியாவில் இதய நோய் ஆய்வுக்குச் செலவிட்ட பணத்தைப் பற்றி 2008இல் ஒரு பெரிய கணக்கு வந்தது. ஆய்வுக்கும் பலனுக்கும் இடையே சராசரியாக 17 ஆண்டுகள் செல்கின்றன என்று கொண்டார்கள். ஒரு பவுண் செலவிட்டால் அதன்பின் ஆண்டுதோறும் 39 பென்ஸுக்குச் (ஒரு பவுண் என்பது 100 பென்ஸ்) சமமான பயன் கிடைக்கிறது. 9 பென்ஸ் மக்களின் சுகநலத்தில், 30 பென்ஸ் பொருளாதாரத்தில். பல அனுமானங்கள் கலந்த கணக்குத்தான். ஆனாலும் மூன்றாண்டுத் திட்டத்தின் தாக்கத்தை மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் கேட்பது எவ்வளவு அவசரம் என்பதை அந்த 17 என்ற எண் சொல்கிறது.

மிக நல்ல முடிவு தெரியும் நேரத்தில் அளந்தாலும் ஏமாறலாம். ஆய்வு நிதியைப் பற்றியது அல்ல என்றாலும் மலேரியாவின் கதை இதற்குப் பொருந்தும். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகள் மட்டுமே. அன்று மதிப்பிட்டிருந்தால் நூற்றுக்கு நூறு. மருந்து தெளிப்பது நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வந்தது.

எது இங்கே தங்கியது?

நான் மிகவும் கவலைப்படுவது இரண்டாவது இழுப்பறையைப் பற்றி, அதாவது அடுத்த ஆய்வுக்கும் ஆய்வாளருக்கும் கிடைக்கும் பலத்தைப் பற்றி. வெளிநாட்டுக் குழு வருகிறது, இங்குள்ளவர்களின் இரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் அடைக்கிறது, விமானம் ஏறுகிறது. இரண்டாண்டில் பெரிய இதழில் கட்டுரை வருகிறது. ஆசிரியர் பட்டியலின் நடுவில் எங்கேயோ ஓர் இலங்கைப் பெயர். கட்டுரை எண்ணிக்கையில் அது வெற்றி. ஆனால் அடுத்த நோய் வரும்போது இங்கே என்ன இருக்கும்?

கொவிட் வந்தபோது பொரளையில் என்ன இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் நூறாண்டுகளுக்கு மேல் பழையது. உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் அது நம் தேசிய இன்புளுவென்சா நிலையம். அதனால் வைரசைக் கையாளத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. 2020 ஜனவரியில் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டபோது மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுகூட உதவியாளருக்குக் கொடுத்த பயிற்சியின் பெறுமதி, அந்தப் பயிற்சிக்கான இறுதி அறிக்கையில் எப்படித் தெரிந்திருக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நிதியில் கொழும்பில் நடந்த ஓர் ஆய்வில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். சம்மதப் படிவமும் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களும். "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது" என்ற ஒரு வரியை, கொட்டாஞ்சேனையில் வாழும் எழுபது வயது அம்மா ஒருவர் பயமின்றிப் புரிந்துகொள்ளும்படி எழுத எங்களுக்கு நான்கு நாட்கள் எடுத்தன. எழுதி, வாசித்துக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி எழுதினோம். "விலகலாம்" என்ற சொல்லைக் கேட்டதும், தன்னை வெளியேற்றப் போகிறார்கள் என்று அவர் நினைத்தார். "விருப்பமில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம்" என்று மாற்றிய பிறகே அவர் முகம் தெளிந்தது.

திட்டம் முடிந்தது. இறுதி அறிக்கையில் கட்டுரைகளுக்கு ஒரு நிரல், மாநாடுகளுக்கு ஒரு நிரல், செலவுக்குப் பல நிரல்கள் இருந்தன. தமிழ்ப் படிவத்துக்கு நிரல் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏதாவதொரு பல்கலைக்கழக மாணவர் தொலைபேசியில் அழைத்து, "அந்தச் சம்மதப் படிவத்தின் தமிழ் வடிவம் உங்களிடம் இருக்கிறதாமே, அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறார். சென்ற மாதமும் ஒருவர் கேட்டார். அனுப்பினேன். யார் யாருக்கு எப்போது அனுப்பினேன் என்று இப்போது ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.